எட்டு நம்பர் வண்டி

அக்கா, முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையின் முக்கியமான கட்டம் நடந்தபோது நான் அங்கே இல்லை. கோயம்புத்தூரில் ஒரு பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் சித்தப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். சித்தப்பா எதையும் கொஞ்சம் பெரிதாக்கித்தான் சொல்வார். நான்கு பேர் நின்றால் கூட்டம் என்பார், கூட்டம் நின்றால் மாநாடு என்பார். அப்பாவிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளலாம் என்றால், அவர் "அப்படித்தான்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். அதனால் நான் கண்ணால் பார்த்தது எது, காதால் கேட்டது எது என்று பிரித்தே சொல்கிறேன்.

உங்கள் போனைப் பார்த்தது தப்புத்தான். ஆனால் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் நீங்கள் உட்கார்ந்து ஒரு வெள்ளை பிக்கப்பின் படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. டயரைத்தானே பார்த்தீர்கள்? படத்தில் டயரைப் பார்க்காதீர்கள். படம் எடுப்பதற்கு முன்னால் கறுப்பு பாலிஷ் போட்டுவிடுவார்கள். வெள்ளகோவிலுக்குத்தானே போகிறீர்கள்? உங்கள் வீட்டுக்காரருக்கு வாங்குகிறீர்களா, தம்பிக்கா? தம்பிக்கா, சரி. போய்ச் சேர இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும். அதற்குள் சொல்லி முடித்துவிடுவேன்.

என் பேர் மோகனப்பிரியா. ஊர் மூலனூர். பி.எஸ்சி. பிசிக்ஸ். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை, அதற்குத் தாசில்தார் கையெழுத்துப் போட்ட சான்றிதழே இருக்கிறது. காலேஜில் ஃபீஸ் குறைப்பதற்காக வாங்கியது. அதை வாங்கின நாளிலிருந்து எனக்குத் தெரியாத விஷயமே உலகத்தில் இல்லை என்று வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள். டிவி ரிமோட் வேலை செய்யாவிட்டால் என்னைக் கூப்பிடுவார்கள். ரேஷன் கார்டில் பேர் தப்பாக இருந்தாலும் நான்தான். பக்கத்து வீட்டு மாடு தீனி எடுக்காவிட்டால்கூட, "அம்மணிய ஒருக்கா வந்து பாக்கச் சொல்லுங்க, படிச்ச புள்ள" என்பார்கள். மாட்டைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? இருந்தாலும் போய்ப் பார்த்தேன். மாடும் என்னைப் பார்த்தது.

அப்பா பேர் மாரப்பன். இருபத்திரண்டு வருடம் ஒரே முதலாளியிடம் பிக்கப் ஓட்டினார். போன வருடம் தை மாதம் அந்த முதலாளி தொழிலே வேண்டாம் என்று வண்டியை விற்றுவிட்டு மகனோடு பெங்களூருக்குப் போய்விட்டார். அது ஏறக்குறைய புது வண்டி. நாங்கள் வாங்குகிற விலை இல்லை.

எங்கள் ஊரில் நாச்சிமுத்து என்று ஒரு முருங்கைக்காய் வியாபாரி. அவருடைய சரக்கைத்தான் அப்பா தினமும் ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் கொண்டுபோவார். அவர் அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னார்: "மாரப்பா, மாசி பொறந்தா சீசன். சொந்த வண்டியோட வந்தீன்னா தெனமும் லோடு உனக்குத்தான். வர முடியாட்டி இப்பவே சொல்லிப்போடு, வேற ஆளப் பாத்துக்கறன்."

அப்பாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. வண்டி ஓட்டுவதைத் தவிர வேறு வேலை தெரியாது. கையில் மூன்றரை லட்சம். மாசி பிறக்க இருபத்து நான்கு நாள். கெட்ட வண்டியாக வாங்கிவிட்டால் அது என்றைக்காவது நடுரோட்டில் நிற்கும். காய் வாடும். லோடு போகும். பிறகு எங்களிடம் வண்டியும் இருக்காது, பணமும் இருக்காது.

இதை யார் பார்த்து வாங்குவது? "பிசிக்ஸ் படிச்சிருக்கற, இஞ்சின் தெரியாதா உனக்கு?" என்றார் அம்மா. தெரியும் அக்கா. நான்கு ஸ்ட்ரோக் இஞ்சினின் படம் வரைந்து பாகங்களைக் குறிக்கத் தெரியும். பத்து மார்க்.

பயம் வந்தால் நான் எழுத ஆரம்பித்துவிடுவேன். ஒரு நோட்டு வாங்கி, பழைய வண்டி வாங்கும்போது பார்க்க வேண்டியவை என்று நாற்பத்தியொரு கேள்வி எழுதினேன். பாதி யூடியூபில் பார்த்தது. மீதி அப்பா சாப்பிடும்போது ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கியது. காலையில் இஞ்சின் சூடாவதற்கு முன்னால் போய்விட வேண்டும். முதல் ஸ்டார்ட்டில் என்ன நிறத்தில் புகை வருகிறது என்று பார்க்க வேண்டும். பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் ஒரு பக்கம் மட்டும் படுத்திருக்கிறதா. பாடியின் தரையில் விரித்த ஷீட்டைத் தூக்கிப் பார்த்தோமா. எஃப்.சி. எதுவரைக்கும் இருக்கிறது. பழைய கடனை அடைத்து ஆர்.சி. புக்கில் ஃபைனான்ஸ்காரன் பேரை எடுத்தாயிற்றா. இப்படி.

முதல் வண்டி முத்தூரில். காலை ஆறரைக்கே போய் நின்றோம். நான் நேராகப் போய் பானெட்டில் கையை வைத்தேன். சூடு.

"ஏனுங்க, வண்டிய எடுத்தீங்களா?"

"கோயலுக்குப் போயிட்டு இப்பத்தான் வந்தனுங்க."

"எந்தக் கோயலுங்க?"

அந்த ஆள் அப்பாவைப் பார்த்தார். "என்னங்க இது, வண்டி பாக்க வந்தீங்களா, கேஸ் எழுத வந்தீங்களா?"

அப்பா செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆனால் நான் கேட்டதில் என்ன தப்பு? கோயில் எவ்வளவு தூரம் என்று தெரிந்தால் அந்தத் தூரத்துக்கு அவ்வளவு சூடு சரியா என்று பார்க்கலாம். அவர் சொல்லவில்லை. நோட்டில் 'கோயில், பேர் சொல்லவில்லை' என்று எழுதிக்கொண்டு வந்துவிட்டோம்.

இரண்டாவது வண்டி கரூர் ரோட்டில். ஆர்.சி. புக், இன்சூரன்ஸ், எல்லாம் சுத்தம். பாடிக்குப் புதுப் பெயின்ட். அப்பா ஷீட்டைத் தூக்கி ஒரு விரலால் தரையை அழுத்தினார். விரல் அந்தப் பக்கம் போய்விட்டது. விற்கிறவரே ஒரு நிமிடம் அந்த விரலை ஆச்சரியமாகப் பார்த்தார். "பூச்சிங்க" என்றார். இரும்பைத் தின்கிற பூச்சி.

இப்படி பதினொரு நாளில் ஒன்பது வண்டி. நல்ல வண்டி எல்லாம் மூன்றரையைத் தாண்டித்தான். நம் விலைக்கு வருவது எல்லாம் பூச்சி தின்ற வண்டி. அப்பா ராத்திரி சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்துகொள்ள ஆரம்பித்தார்.

அந்தச் சமயத்தில்தான் நான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். நோட்டில் ஒவ்வொரு வண்டியின் நம்பரையும் சொன்ன விலையையும் எழுதி வைத்திருந்தேன். போனில் விசாரித்ததையும் சேர்த்து முப்பது வண்டிக்கு மேல் இருக்கும். அதில் இரண்டு வண்டிக்கு மட்டும் காரணமே இல்லாமல் நாற்பதாயிரம் ஐம்பதாயிரம் குறைவு. அதே வருடம், அதே கிலோமீட்டர். அடி வாங்கியதும் இல்லை. அப்புறம் நம்பரைப் பார்த்தேன். இரண்டுமே கூட்டினால் எட்டு.

உங்களுக்குத் தெரியாததா? நம் பக்கம் யார் எட்டு நம்பர் வண்டி வாங்குகிறார்கள்? புது வண்டிக்கு எட்டு வந்துவிட்டால் ஆர்.டி.ஓ. ஆபீசில் பணம் கட்டியாவது வேறு நம்பர் வாங்குவார்கள். அதுவும் முடியாமல் எட்டோடு வெளியே வந்துவிட்ட வண்டி, விற்கும்போது விலை அடிபடும். இஞ்சினுக்கு எட்டு என்று தெரியுமா? தெரியாது. அப்படியென்றால் நல்ல இஞ்சினைக் குறைந்த விலைக்கு வாங்க ஒரே வழி எட்டைத் தேடிப் போவதுதான். இதை யாருமே யோசிக்கவில்லை. எனக்கு அன்றைக்குத்தான் நான் படித்ததற்கு ஒரு அர்த்தம் வந்ததுபோல இருந்தது.

தாராபுரத்தில் ஆறுச்சாமி என்று ஒரு புரோக்கர். அவரிடம் போய், "எட்டு நம்பர் வண்டி இருக்குங்களா?" என்று கேட்டேன்.

மனிதர் கையில் இருந்த டீயைக் கீழே வைத்துவிட்டார். "எட்டு இல்லாதத கேக்கறீங்களா அம்மணி, எட்டு இருக்கறதயா?"

"எட்டுத்தானுங்க வேணும்."

"வேணுமா? முப்பது வருசமா ஏவாரம் பண்றன். எட்டு வேணும்னு கேட்டு வந்த மொதோ ஆளு நீங்கதான்." பின்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "டே, அந்த மூணு வண்டி மேல கெடக்கற தார்ப்பாயை எடுங்கடா. மகாலட்சுமி வந்திருக்குது."

மூன்றில் ஒன்றுதான் எங்கள் வண்டி. 7037. வெள்ளை. ஏழும் மூன்றும் பத்து, பத்தும் ஏழும் பதினேழு, ஒன்றும் ஏழும் எட்டு. முதல் ஓனர் ஒரு கோழிப்பண்ணைக்காரர். பானெட் ஜில்லென்று இருந்தது. முதல் ஸ்டார்ட்டிலேயே கிளம்பியது. புகை இல்லை. தரையில் அப்பாவின் விரல் போகவில்லை. நாற்பது கேள்விக்கும் சரி. கடைசிக் கேள்வி, லோடு ஏற்றி ஓட்டிப் பார்ப்பது.

"லோடுக்கு நான் எங்க போறதுங்க அம்மணி?"

"காலியா எல்லா வண்டியும் ஓடுமுங்க."

ஆறுச்சாமி எதிரே இருந்த டீக்கடையைப் பார்த்தார். "ஏப்பா, டீயும் போண்டாவும் நம்ம கணக்கு. எல்லாரும் வண்டியில ஏறுங்க." பதினான்கு பேர் ஏறினார்கள். எண்ணினேன். பைபாஸ் பக்கம் ஒரு மேடு இருக்கிறது. அதில் வண்டியை நிறுத்தி, மறுபடி கிளப்பி, இரண்டாவது கியரில் ஏற்றச் சொன்னேன். அப்பா ஏற்றினார். கிளட்ச் வாடை வரவில்லை. பின்னால் நின்றவர்கள் கைதட்டினார்கள். ஒரு பெரியவர் இறங்கும்போது, "நாளைக்கும் டெஸ்ட் இருக்குங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

நல்ல வண்டி. மூன்று இருபதுக்குக் கிடைத்தது. எட்டு இல்லாவிட்டால் மூன்று அறுபத்தைந்துக்கு ஒரு ரூபாய் குறைக்க மாட்டார்கள்.

அப்பாவிடம் மறைக்கவில்லை. எனக்கு மறைக்க வராது. "கூட்டுனா எட்டு வருதுங்ப்பா" என்று சொன்னேன்.

"பாத்தன்" என்றார்.

"உங்களுக்குப் பரவால்லீங்களா?"

ரொம்ப நேரம் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தார். "நீ என்ன சொல்றயோ அதான் அம்மணி. நீ படிச்ச புள்ள."

வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தால் விவாதம் பண்ணியிருப்பேன். சரி என்றுவிட்டாரே. இனி எது நடந்தாலும் நான்தானே? எனக்கு இந்த எட்டு, ஒன்பதில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. சுத்தமாகக் கிடையாது. அன்றைக்குத் தை மாதம் பதினேழாம் தேதி என்பதால் அட்வான்சை மட்டும் மறுநாள் கொடுக்கச் சொன்னேன். அது நம்பிக்கை இல்லை அக்கா, முன்ஜாக்கிரதை. ஒரே காரியத்தில் இரண்டு எட்டு எதற்கு?

வண்டி வீட்டுக்கு வந்ததும் அம்மா நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். நம்பர் பிளேட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நீ பாத்துத்தான வாங்குன?"

"ஆமாங்ம்மா."

"அப்பச் சரி."

இவ்வளவும் நான் பார்த்தது. இனிமேல் வருவது கேட்டது.

மாசி இரண்டாம் தேதி முதல் லோடு. அன்றைக்குத்தான் எனக்கு பேங்க் பரீட்சை. அப்பாவோடு சித்தப்பா போனார், குழந்தைவேல் சித்தப்பா. மத்தியானம் இரண்டு மணி. நாச்சிமுத்து ஐயாவின் கொட்டகை முன்னால் காய் கட்டுக் கட்டாக வந்து குவிந்து கிடக்கிறது. அப்பா வண்டியைத் திருப்பி, பின்பக்கத்தைக் கொட்டகைக்குக் காட்டி நிறுத்துகிறார். முதல் கட்டு தலையில் ஏறிவிட்டது. அப்போது நாச்சிமுத்து ஐயாவின் உதடு அசைகிறது.

"ஏழும் மூணும் பத்து," என்கிறார். சுமக்கிற ஆள் நின்றுவிட்டான். "பத்தும் ஏழும்... ஏ மாரப்பா. என்ன வண்டிடா கொண்டாந்திருக்கற?"

அப்பா வண்டியை விட்டு இறங்குகிறார்.

"எட்டு நம்பர் வண்டியில எஞ் சரக்கு போவாது. மூணு வருசத்துக்கு முந்தி ஒருத்தன் எட்டு நம்பர்ல ஏத்திட்டுப் போனான். இங்கிருந்து கெளம்பறப்ப கிலோ அறுவது ரூவா. சந்தைக்குப் போயி எறக்கறப்ப முப்பத்தஞ்சு. எறக்குங்கடா கட்ட."

அக்கா, இது என் நோட்டில் இல்லை. நாற்பத்தியொரு கேள்வியில் ஒன்றுகூட, 'இந்த வண்டியில் யார் சரக்கை ஏற்றப் போகிறார்கள், அவர்களுக்கு எட்டு ஆகுமா' என்று இல்லை. இஞ்சினுக்கு எட்டு தெரியாது என்று கண்டுபிடித்த எனக்கு, முருங்கைக்காய்க்காரருக்குத் தெரியும் என்று தோன்றவில்லை. அந்த நாற்பத்தைந்தாயிரம் ஏன் குறைந்தது என்று யோசித்தேன். யாருக்காகக் குறைந்தது என்று யோசிக்கவில்லை. நான் பரீட்சை ஹாலில் ஏதோ சதவீதக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், மூலனூரில் எங்கள் குடும்பத்தின் மூன்று லட்சத்து இருபதாயிரம் கொட்டகை வாசலில் காலியாக நின்றுகொண்டிருந்தது.

அப்போது அப்பா பேசினாராம். சித்தப்பா இதைச் சத்தியம் பண்ணிச் சொல்கிறார். நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர், நிமிர்ந்து நின்று சொன்னாராம்: "டி.என். சேத்திக் கூட்டுனா எட்டு வராதுங்க."

"என்னது?"

"நம்பரு வெறும் நாலு எண்ணு இல்லீங்களே. டி.என்.னுல இருந்துதான ஆரம்பிக்குது? அதையுஞ் சேத்திக் கூட்டோணுங்க."

"எவன் சொன்னான்?"

"என்ற மக. பட்டதாரிங்க."

"அப்பிடிக் கூட்டுனா எத்தன வருது?"

"அது அவளுக்குத்தானுங்க தெரியும்."

நான் அப்படிச் சொல்லவே இல்லை அக்கா. அப்பாவுக்கு இது எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. கேட்டால் சிரிக்கிறார்.

இனி மறுபடி நான் நேரில் கேட்டது. பரீட்சை முடிந்து வெளியே வந்து, பை வைக்கிற இடத்தில் போனை வாங்கி ஆன் பண்ணினேன். பதினாறு மிஸ்டு கால். எடுப்பதற்குள் அடுத்தது வந்துவிட்டது.

"அம்மணி, நான் நாச்சிமுத்து பேசறன். பரிச்ச நல்லா எழுதுனயா?"

"எழுதியிருக்கறனுங்க. என்னாச்சுங்க? அப்பாவுக்கு..."

"உங்கொப்பனுக்கு என்ன, கல்லாட்ட நிக்கறான். ஒண்ணே ஒண்ணு கேக்கோணும். வண்டி நம்பரக் கூட்டறப்ப டி.என்.னையுஞ் சேத்திக் கூட்டோணுமா, வேண்டாமா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கேள்வி என்று கேட்டால் பதில் சொல்லித்தான் பழக்கம். "இங்கிலீஷ் எழுத்துக்கும் ஒவ்வொரு நம்பர் இருக்குதுன்னு நியூமராலஜியில சொல்றாங்க. சில காலண்டர்ல பின்னாடியே போட்டிருப்பாங்க."

"இருக்குதா, எழுத்துக்கும்?"

"இருக்குதுங்க."

"அப்பச் சேத்தோணும்."

"சேத்தினாத்தான் முழு நம்பர் ஆகுமுங்க."

"அப்ப உங்க வண்டி எட்டு இல்ல?"

அந்த இடத்தில்தான் எனக்குப் புரிந்தது. போனுக்குப் பின்னால் யாரோ, "ஏனுங்க, ஏத்தறதா, எறக்கறதா? கழுத்து ஒடையுது" என்று கத்துவது கேட்டது. அப்பா இருமுவது கேட்டது. அது அவர் பயந்தால் இருமுகிற இருமல், எனக்குத் தெரியும். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் லோடு ஏறிவிடும். ஆனால் நான் பொய் சொல்கிறவள் இல்லை. தெரியாததைத் தெரியும் என்று சொன்னால் நான் படித்ததற்கு என்ன மரியாதை?

"நான் இன்னும் கூட்டிப் பாக்கலீங்க" என்றேன்.

நாச்சிமுத்து ஐயா சிரித்தார். "யாருகிட்ட? உன்ற சித்தப்பன் இப்பத்தான் சொன்னான், பதினாலு பேர வண்டியில ஏத்தி மேட்டுல நிறுத்திப் பாத்த புள்ள, நம்பரக் கூட்டிப் பாக்காமயா வாங்கியிருப்ப? டே, ஏத்துங்கடா. வெய்யல்ல காய் வதங்குது."

அவ்வளவுதான். கவனித்தீர்களா? நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அவர் கேட்டார், எனக்குத் தெரிந்ததைத் தெரியும் என்றேன், தெரியாததைத் தெரியாது என்றேன். விளக்கமாகச் சொன்னால் யாரும் புரிந்துகொள்வார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் நம்பிக்கை வந்தது. அன்றைக்குப் பெரிய முகூர்த்த நாளாம். ஊரில் எல்லா பிக்கப்பும் பந்தல் சாமானும் சீரும் ஏற்றிக்கொண்டு போய்விட்டதாம். நாச்சிமுத்து ஐயா ஏழு பேருக்குப் போன் போட்டும் வேறு வண்டி கிடைக்கவில்லை என்று சித்தப்பா சொன்னார். சித்தப்பா ஏழு என்றால் மூன்றாக இருக்கும். எப்படியானாலும் அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அவர் கேட்டுத் தெளிந்துதான் ஏற்றினார்.

அன்றைக்குச் சந்தையில் கிலோவுக்கு நான்கு ரூபாய் கூடவே போனது. அதற்குப் பிறகு 7037-ஐத் தவிர வேறு வண்டியில் அவர் சரக்கை ஏற்றுவதே இல்லை. பதினான்கு மாதம் ஆகிறது. ஒரு தடவை கிளட்ச் பிளேட் மாற்றினோம், இரண்டு முன் டயர். மற்றபடி ஒரு நாள் ரோட்டில் நின்றது கிடையாது. அப்பா இப்போது முழுச் சாப்பாடும் சாப்பிடுகிறார். பரீட்சை மட்டும் பாஸாகவில்லை. அது வேறு விஷயம்.

என்ன கேட்டீர்கள்? கூட்டிப் பார்த்தேனா என்றா?

நேரம் கிடைக்கவில்லை அக்கா. உண்மையாகவே. அடுத்த பரீட்சைக்குப் படிக்க வேண்டியிருந்தது. வீட்டில் இருக்கிற காலண்டர் வேறு மாதிரி, அதில் எழுத்துப் பட்டியல் இல்லை. பக்கத்து வீட்டுக் காலண்டரில் இருக்கிறது, ஆனால் அது சுவரில் இரண்டு ஆணி அடித்து மாட்டியிருக்கிறது. போய்க் கழற்றுவது மரியாதையாக இருக்குமா? நாச்சிமுத்து ஐயாவும் மறுபடி கேட்கவில்லை. கேட்டிருந்தால் கட்டாயம் பார்த்துச் சொல்லியிருப்பேன்.

போன வாரம்தான் தாராபுரம் பஸ் ஸ்டாண்டில் ஆறுச்சாமியைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் ஓடிவந்து ஒரு மைசூர்பாக்கு டப்பாவைக் கையில் திணித்தார். "அம்மணி, நீங்க மகராசியா இருக்கோணும். மிச்சம் ரெண்டு எட்டு இருந்துதுல்ல, ரெண்டும் போயிருச்சு. முழு வெலைக்கு!"

"எப்பிடிங்க?"

"எப்பிடியா? நாச்சிமுத்து ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறாரே. டி.என். சேத்திக் கூட்டோணும், ஒரு பட்டதாரிப் பொண்ணு கண்டுபுடிச்சதுன்னு. எட்டுன்னு எவனாச்சும் மூஞ்சியத் திருப்புனா நான் உங்க பேரச் சொல்லிப்போடறன். பி.எஸ்சி.ன்னு சொன்னா ஒருத்தன் வாயத் தொறக்கறதில்ல."

டப்பாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். இரண்டு பேர் என் பேரைக் கேட்டு ஆளுக்கு நாற்பதாயிரம் கூடக் கொடுத்திருக்கிறார்கள். அவர்களும் என் அப்பா மாதிரி யாரோதானே? கையில் இருந்ததை எல்லாம் திரட்டிக்கொண்டு வந்தவர்கள்தானே? மைசூர்பாக்கை வீட்டில் யாரிடமும் கொடுக்கவில்லை. நானும் சாப்பிடவில்லை.

ஏன் அக்கா, ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

உங்களிடமும் அப்படியேதான் சொன்னாரா? டி.என். சேர்த்துக் கூட்ட வேண்டும் என்று? ஆறுச்சாமி இல்லையா, இது வெள்ளகோவில் ஆளா? அப்படியென்றால் பரவிவிட்டது. எவ்வளவு சொல்கிறார்? மூன்று எண்பதா? படத்தைக் கொடுங்கள். நம்பர் 4409. நான்கும் நான்கும் எட்டு, எட்டும் ஒன்பதும் பதினேழு.

சரி. பொறுங்கள், பையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள், சொல்கிறேன். வண்டி நன்றாக இருந்தால் வாங்குங்கள். இஞ்சினுக்கு எட்டு தெரியாது, அதில் எனக்கு இப்போதும் மாற்றுக் கருத்து இல்லை. முதலில் பானெட்டில் கையை வையுங்கள். தம்பி யாருக்கு லோடு அடிக்கப் போகிறாரோ அவரிடம் நம்பரைச் சொல்லிக் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். ஆனால் மூன்று எண்பது கொடுக்காதீர்கள். மூன்று முப்பத்தைந்துக்கு மேல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். பட்டதாரிப் பெண், பி.எஸ்சி. என்று அவர் ஆரம்பித்தால், அந்தப் பெண்ணே பஸ்ஸில் என்னோடு வந்தாள், அவளே சொன்னாள் என்று சொல்லுங்கள். பேரையும் சொல்லுங்கள், மோகனப்பிரியா. நாச்சிமுத்து ஐயா காதுக்குப் போனாலும் போகட்டும். இல்லை, போகாமல் இருந்தால் நல்லது. போனால் போகட்டும்.

நேரம் கிடைக்கவில்லை என்றேனே, அது முந்தாநாள் வரைக்கும்தான் அக்கா. முந்தாநாள் பக்கத்து வீட்டில் கேட்டு, ஆணியைக் கழற்றாமல் சுவரோடு வைத்தே காலண்டரைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் எழுத்துக்களுக்கு எண் போட்டிருந்தது. டி என்ற எழுத்துக்கு நான்கு. என் என்ற எழுத்துக்கு ஐந்து. இரண்டும் சேர்ந்தால் ஒன்பது. எந்த எண்ணோடு ஒன்பதைச் சேர்த்தாலும் கடைசிக் கூட்டுத்தொகை மாறாது. தமிழ்நாட்டில் ஓடுகிற எந்த வண்டிக்கும் மாறாது. எங்கள் வண்டிக்குப் பதினேழும் ஒன்பதும் இருபத்தாறு. மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன். இரண்டும் ஆறும் எட்டு.